வாட்ஸப் குழு மட்டும் போதாது: ஏ-எண் கையில் இருக்கிறதா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல. சிலருக்குப் புகலிட வழக்கு நடக்கிறது, சிலருக்கு விசா காலம் முடிந்துவிட்டது. ஐஸ் (குடியேற்றச் சட்டத்தை மீறியவர்களைப் பிடிக்கும் அமெரிக்க அரசுத் துறை) அதிகாரிகள் வந்தால் உதவ ஒரு வாட்ஸப் குழு தொடங்கினோம். வருவதெல்லாம் வதந்தி, பலர் வேலைக்குப் போகவே பயப்படுகிறார்கள். எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: குழுவில் எல்லாரும் செய்தி போடுவதை இன்றே நிறுத்துங்கள். தகவல் முதலில் இரண்டு பொறுப்பாளர்களுக்கு மட்டும் போகட்டும். ஒருவர் நேரில் பார்த்த பிறகே அறிவிப்பு. எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எந்த இடம், உடையில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை மணி, என்ன வண்டி என்ற ஆறும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். பார்க்கப் போகிறவர் குடியுரிமை பெற்றவராக இருக்கட்டும்; வழக்கில் இருப்பவரை அனுப்பவே கூடாது. பொது இடத்தில் விலகி நின்று வீடியோ எடுக்கலாம், குறுக்கே போகக் கூடாது. யாருக்கு என்ன விசா நிலை என்பதைக் குழுவில் எங்கும் எழுதி வைக்காதீர்கள். அந்தப் பட்டியல் தவறான கைக்குப் போனால் நீங்களே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும்.

கதவு தட்டினால் திறக்காமல், வாரன்ட் தாளை அடியில் தள்ளச் சொல்லுங்கள். ஐ-200 (கைது வாரன்ட்), ஐ-205 (வெளியேற்ற வாரன்ட்) படிவங்களில் கையெழுத்திடுவது குடியேற்றத் துறை அதிகாரி, நீதிபதி அல்ல. நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதியின் கையெழுத்தும் சரியான முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே விடச் சம்மதம் இல்லை என்று சொல்லலாம். மீறி நுழைந்தால் தடுக்க வேண்டாம். சம்மதிக்கவில்லை என்று உரக்கச் சொன்னால் போதும்.

இதைவிட முக்கியம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு. அதில் முதல் தாளிலேயே ஏ-எண், அதாவது குடியேற்றத் துறை ஒவ்வொருவருக்கும் தரும் கோப்பு எண், இருக்க வேண்டும். நீதிமன்ற அழைப்பாணையிலும் வேலை அனுமதி அட்டையிலும் அது இருக்கும் (அட்டையில் குடியேற்றச் சேவைத் துறையின் பெயரைச் சுருக்கி 'யுஎஸ்சிஐஎஸ்' எண் என்று அச்சாகியிருக்கும்). கைதானவரை ஐஸ் இணையதளத்தில் பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் நம் ஆட்களுக்கு அது அடிக்கடி கைவிடும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதற்பெயர் தெரியாது) என்று போட்டிருப்பார்கள். சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்க மாட்டார். ஏ-எண்ணும் பிறந்த நாடும் இருந்தால் போதும். எண்ணில் எட்டு இலக்கம்தான் என்றால் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? பிடித்தவர்களை டெக்சஸ், லூசியானா முகாம்களுக்கு மாற்றிவிடுவது வழக்கம். ஆட்கொணர்வு மனுவைப் பொதுவாக ஆள் அப்போது அடைபட்டிருக்கும் பகுதியின் நீதிமன்றத்தில்தான் போட முடியும். மாற்றுவதற்கு முன்பே போட்டுவிட்டால், பிறகு மாற்றினாலும் வழக்கு அங்கேயே நிற்கும். குடியேற்ற வழக்கில் உங்களுக்கான வக்கீலை அரசு வைத்துக் கொடுக்காது. எனவே வக்கீலை முன்பே பேசி, இவர்தான் என் வக்கீல் என்று அறிவிக்கும் ஜி-28 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். நோட்டரியிடம் பணம் கட்டாதீர்கள். அமெரிக்காவில் நோட்டரி என்றால் வக்கீல் இல்லை.

கைதைவிட அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து வீடு மாறுவது. புது முகவரியைச் சொல்ல யுஎஸ்சிஐஎஸ்-க்கு ஏஆர்-11 படிவம் 10 நாளுக்குள். குடியேற்ற நீதிமன்றத்துக்கு இஓஐஆர்-33 படிவம் 5 வேலை நாளுக்குள். இரண்டும் வேறு. முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடுகிறார்கள். விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போகிறது, ஆள் வராததால் வெளியேற்ற உத்தரவு வந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை 1-800-898-7180 என்ற நீதிமன்ற எண்ணில் ஏ-எண்ணைப் போட்டு அடுத்த தேதியைச் சரிபார்க்க ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான்.

வீட்டில் எல்லாரும் இரண்டு தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்யட்டும். கைதானால் போன் கையில் இருக்காது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாமல், முதல் வார்த்தையாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் வக்கீலையும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.