காய்ந்த கண்மாய் யாருக்கு?

அன்புள்ள ஐயா,

மழை நன்றாகப் பெய்தால் எங்கள் ஊர்க் கண்மாயில் மாசி வரை தண்ணீர் கிடக்கும், நாரைகள் வரும். பிறகு வெடித்த தரைதான். இதைச் சரணாலயமாக அறிவிக்கக் கோரி நண்பர்களோடு மனு எழுதியிருக்கிறேன். மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம், வண்டல், மேய்ச்சல் எல்லாம் போய்விடும் என்று பெரியவர்கள் எதிர்க்கிறார்கள். பாதி வருடம் காய்ந்து கிடப்பதற்கு ஏன் இத்தனை பாடு என்றும் கேட்கிறார்கள். பறவைகள்மேல் இவர்களுக்கு அக்கறையே இல்லையா?

ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் மக்கள் 1790-களிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு வேட்டையைத் தடுத்தவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரமானது. ஆதாயம் கருதிக் காத்தார்கள் என்று அதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. ஆதாயம் இருந்ததால்தான் அந்தக் காவல் தலைமுறைகள் தாண்டியும் நின்றது.

பெரியவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் காப்பகத்தில் 1982-இல் மேய்ச்சலைத் திடீரென்று தடை செய்தார்கள். எதிர்த்த கிராமத்தினர் சிலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். எருமைகள் போனபின் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. மேய்ச்சல் நின்றதால் பறவைகளுக்கே கேடு என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வு பின்னர் சொன்னது. உயிர்கள் போனபின் வந்த அறிவு அது.

கண்மாய் காய்வது குறை இல்லை என்பதையும் ஊரில் சொல்லுங்கள். தரை வெடித்துக் காற்றுப் புகும்போதுதான் அடிச்சேற்றின் மக்கு சிதைகிறது. ஆடுமாடுகளின் சாணமும் அதில் சேர்கிறது. நத்தைகள் மூடியை இறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் அடுத்த மழைவரை கிடக்கின்றன. புதுத் தண்ணீர் வந்ததும் அந்த மக்கும் சாணமும் நீருக்கு உரமாகின்றன; நத்தைகள் கிளம்பி, நத்தைக்குத்தி நாரைக்கும் அதன் குஞ்சுக்கும் இரையாகின்றன. ஆண்டு முழுக்கத் தண்ணீரைத் தேக்கி வைத்தால் இந்தச் செழிப்பு குன்றிவிடும்.

கோடையில் வந்து பார்த்துவிட்டு இதைக் காலி மனை என்பவர்தான் எனக்கு அச்சம் தருகிறார். மாம்பலம் ஏரி தியாகராய நகரானதும் நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் அந்தப் பார்வையால்தான். உங்கள் பெரியவர்கள் அந்தப் பக்கம் இல்லை. அவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள்.

மனுவைத் திருத்தி எழுதுங்கள். மீன்பாசி, வண்டல், மேய்ச்சல் உரிமைகள் தொடர வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, மக்களின் உரிமைகளைக் கலெக்டர் விசாரித்துத் தொடர அனுமதிக்க வழி இருக்கிறது. வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால்) ஆக்கிரமிப்பை அகற்றுவது, சீமைக்கருவேலத்தை வெட்டும்போது கூடுள்ள நாட்டுக்கருவேல மரங்களை விட்டுவைப்பது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம சபையில் வாசித்துக் காட்டி, அந்தப் பெரியவர்களிடமே முதல் கையெழுத்தைக் கேளுங்கள்.