தரப்படுத்தலும் அமெரிக்காவும் ஒண்டோ?

கேள்வி: அமெரிக்காவில இருக்கிற என்ர பெறாமகன், அங்க கம்பஸுக்கு எடுக்கேக்க இனம் பாக்கிறதை கோட் நிப்பாட்டினது நல்லது, அதுவும் எங்கட தரப்படுத்தல் மாதிரித்தான் எண்டு சொல்லுறான். உண்மையோ?
வாசகி, கோண்டாவில்

பதில்: இல்லையம்மா, ரெண்டும் ஒண்டில்லை. ஆனா அவன்ர கோவம் எங்க இருந்து வருதெண்டு எனக்கு நல்லா விளங்குது.

எங்கட தரப்படுத்தல் எண்டது, கம்பஸுக்கு எடுக்கேக்க மொழிக்கு மொழி வேற வேற வெட்டுப்புள்ளி வைச்சது. 1970ல மெடிசினுக்கு எடுக்கேக்க, 400க்கு 229 எடுத்தா சிங்களத்தில சோதினை எழுதின பிள்ளைக்குக் காணும், தமிழில எழுதின பிள்ளைக்கு 250 வேணும். எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில விடிய விடியப் படிச்சவர், இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவில மாட்டுப்பட்டு, பிறகு கிளறிக்கல் சோதினை எழுதி கந்தோருக்குப் போனவர், அவற்ற அம்மா அந்த விலங்கியல் கொப்பியளை ஒருத்தருக்கும் குடுக்காமல் றங்குப்பெட்டிக்குள்ளயே வைச்சிருந்தவ. அதில பின்தங்கின ஆரையும் கைகுடுத்துத் தூக்கேல்லை, ஆட்சியில இருந்த பெரும்பான்மை ஒரு மொழிக்காரருக்கு மட்டும் வேலியை உயத்தினது, அவ்வளவுதான். 1969ல மெடிசின், எஞ்சினியரிங் இடங்களில கிட்டத்தட்டப் பாதி தமிழ்ப் பிள்ளையளுக்குக் கிடைச்சது. அது மளமளவெண்டு விழத்தான் பெடியள் றோட்டுக்கு இறங்கினவை.

அமெரிக்காவில அடிமையாக் கொண்டு வந்து, பிறகு பள்ளிக்கூடத்திலயும் பிரிச்சு வைச்ச சனத்தின்ர பிள்ளையளுக்குக் கதவு திறக்கத்தான் இனத்தைப் பாத்தவை. 1978ல அவையின்ர உச்ச நீதிமன்றம் இத்தினை இடமெண்டு ஒதுக்கக்கூடாது, ஆனா இனத்தையும் ஒரு விசயமா யோசிக்கலாம் எண்டது, 2023 ஜூனில ஹார்வர்ட் வழக்கில அதையும் மூடிப்போட்டுது. வழக்குப் போட்டவை ஆசியப் பிள்ளையளுக்கு அநியாயம் நடக்குதெண்டுதான் சொன்னவை, அந்தக் கவலையை நான் தள்ளிவிடேல்லை, எங்கட பிள்ளையளும் அதுக்குள்ளதானே. ஆனா அடுத்த வருசம் எம்ஐடி எண்ட பேர்போன கம்பஸில புதுசாச் சேந்தவையில கறுப்பினப் பிள்ளையள் 13 வீதத்தில இருந்து 5 வீதமாக் குறைஞ்சவை. இதையும் அவனுக்குச் சொல்லுங்கோ.

இன்னொண்டும் இருக்கு, இதைச் சொன்னா இஞ்ச கனபேருக்குப் பிடிக்காது. மாவட்டக் கோட்டா, அதாவது மாவட்டத்துக்கு இத்தினை இடமெண்டு ஒதுக்கிறது, 1974ல வந்தது, அதில யாழ்ப்பாணம் மட்டுமில்லை, கொழும்பும் இழந்தது. இப்ப மெடிசின் மாதிரிப் படிப்புகளில 40 வீத இடம் முழு இலங்கைக்கும் திறமை அடிப்படையில, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, மன்னார்ப் பிள்ளையள் மெடிசினுக்குப் போறதெண்டா அந்த வழியாலதான் கனபேர் போயினம், அவையும் தமிழ்ப் பிள்ளையள்தானே. எனக்குத் தெரிஞ்ச வன்னிப் பிள்ளை ஒண்டு, பள்ளிக்கூடத்தில கெமிஸ்ரி ரீச்சர் இல்லாமல், சனி ஞாயிறில விடிய நாலு மணி பஸ் எடுத்து யாழ்ப்பாணம் ரியூசனுக்கு வந்து, பின்வாங்கில இருந்து சாப்பாட்டுப் பார்சலை மடியில வைச்சபடியே நோட்ஸ் எழுதும். வீட்டு வாசலில ரியூசன் இருக்கிற எங்கட பிள்ளையின்ர புள்ளியையும் அந்தப் பிள்ளையின்ர புள்ளியையும் ஒரே தராசில போட எனக்கு மனம் வராது.

உங்கட பெறாமகனிட்ட ஒண்டு கேளுங்கோ, அந்த ஒழுங்கை அண்ணைக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடந்தது ஒண்டுதானோ எண்டு.