மியாமி துவக்குச் சண்டை: கேட்டதும் சொன்னதும்

1986 ஏப்ரல் 11 காலை, அமெரிக்காவின் மியாமிப் புறநகரில் வங்கிக் கொள்ளைக்காரர் இருவரின் காரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் இடித்து மறித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஏறத்தாழ 145 வெடி. கிரோகன், டவ் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். ஐந்து பேர் காயப்பட்டார்கள். கொள்ளைக்காரர் பிளாட்டும் மேட்டிக்ஸும் அங்கேயே செத்தார்கள். இதைப் பற்றி மலையகத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் துவக்குப் பயிற்சியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஹட்டன்: சேர், எட்டுப் பேர் சேர்ந்தும் இரண்டு பேரை ஏன் சமாளிக்க முடியவில்லை?

தம்பி, எட்டுப் பேர் என்ற கணக்கே தப்பு. சண்டை தொடங்கின நேரம் கையில் துவக்கோடு இருந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். மனாவ்ஸி என்ற அதிகாரி தன் ரிவோல்வரைச் சட்டென்று எடுக்கலாம் என்று உறையிலிருந்து உருவி சீட்டில் வைத்திருந்தார். கார் மோதிய வேகத்தில் அது எங்கே பறந்ததென்றே தெரியவில்லை. ஹன்லனின் பெரிய ரிவோல்வரும் அப்படியே போனது; கணுக்காலில் கட்டியிருந்த சின்னது மட்டும் மிச்சம். மக்நீலின் ஷொட்கன் பின்சீட்டில் கிடந்தது. ரவை பறக்கும்போது பின்கதவைத் திறந்து அதை எடுக்க அவருக்கு வழியே இருக்கவில்லை.

அன்று காலை தேடுதலுக்கு வந்த குழு எட்டைவிடப் பெரியது. எம்-16 ரைஃபிளும் எம்பி-5 என்ற சிறு இயந்திரத் துவக்கும் வேறு கார்களில் இருந்தன. அந்தக் கார்கள் சண்டை முடியுமுன் வந்து சேரவில்லை. எதிரே பிளாட்டிடம் ருகர் மினி-14 ரைஃபிள். அதன் ரவை 3.6 கிராம்தான், ஆனால் விநாடிக்கு 950 மீற்றர் வேகம். 9 மி.மீ. கைத்துவக்கின் ரவை அதைப்போல இரண்டு மடங்கு கனம், வேகமோ 350 மீற்றர் அளவு. கணக்குப் போட்டால் ரைஃபிளின் அடி மூன்று மடங்குக்கும் மேல்.

எல்லா வகுப்பிலும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: உடம்போடு கட்டாதது உங்களுடையது இல்லை. சீட்டில், டாஷ்போர்டில், மடியில் வைக்காதீர்கள். உறையில் போட்டுப் பட்டனை அடியுங்கள்.

நாவலப்பிட்டி: 9 மி.மீ. ரவை நல்லதா, பொயின்ட் 45 அங்குல ரவை நல்லதா?

சரியான இடத்தில் படுகிறது நல்லது.

பதுளை, தாதியர் மாணவி: பிளாட்டுக்கு நெஞ்சில் வெடி பட்ட பிறகும் சண்டை போட்டான் என்கிறார்கள். உடம்பு எப்படித் தாங்கும்?

நல்ல கேள்வி தங்கச்சி. டவ் சுட்ட 9 மி.மீ. ரவை பிளாட்டின் வலக்கையைத் துளைத்து, நெஞ்சுக்குள் போய், நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. பிரேதப் பரிசோதனையில் நெஞ்சறைக்குள் 1.3 லீற்றர் இரத்தம் இருந்தது. தப்பவே முடியாத காயம். ஆனாலும் அதற்குப் பிறகுதான் கிரோகனையும் டவ்வையும் கொன்றான். போதைமருந்துதான் காரணம் என்ற கதையும் அப்போது ஓடியது. இரண்டு உடம்பிலும் ஒன்றும் அகப்படவில்லை.

ஆளை உடனே விழுத்துவது மூளையில் அல்லது முள்ளந்தண்டின் மேல்பகுதியில் படும் அடி மட்டும். மற்றதெல்லாம் இரத்தம் வடிந்து அழுத்தம் குறையும்வரை காத்திருக்கிற சங்கதி. இதயமே சிதறினாலும் மூளையில் மிஞ்சிய ஒட்சிசனில் 10 முதல் 15 விநாடி ஓடலாம், சுடலாம். நெஞ்சில் ஒன்று பட்டதும் ஆள் பின்னால் பறந்து விழுவதெல்லாம் சினிமா.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற சார்ஜன்: நீங்கள் சுற்றி வளைக்கிறீர்கள். அந்த ரவை இன்னும் ஓர் அங்குலம் போயிருந்தால் கதை முடிந்தது. குற்றம் ரவையில்தான்.

ஐயா, அந்த ரவை எதற்குச் செய்ததோ அதைச் சரியாகச் செய்தது. 115 கிரெய்ன் (ஏறத்தாழ 7.5 கிராம்) சில்வர்டிப் என்ற வகை: பட்டவுடன் விரியவேண்டும், ஆளைத் தாண்டி வெளியே போகக்கூடாது. நெஞ்சுக்கு முன்னால் ஒரு கை குறுக்கே வரும் என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே சார்ஜன்: நீங்களே சொன்னீர்கள், இதயம் போனாலும் 15 விநாடி என்று. 15 விநாடியும் சில நிமிடமும் ஒன்றா? அந்த மிச்ச நேரத்தில்தானே இரண்டு பேர் போனார்கள்?

ஒத்துக்கொள்கிறேன், ஐயா. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் எஃப்.பி.ஐ. 1989இல் புது அளவுகோல் எழுதியது: சதைக்குப் பதிலாக வைக்கும் 10 வீத ஜெலட்டின் கட்டியில் ரவை குறைந்தது 12 அங்குலம் போகவேண்டும், 18ஐத் தாண்டக்கூடாது. கட்டி 4 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். சின்ன இரும்புக் குண்டு ஒன்றை முதலில் அதற்குள் சுட்டு, கட்டி பதமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெறும் கட்டி, தடித்த உடுப்பு, தகடு, பலகை, சுவர்ப்பலகை, கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முன்னால் வைத்துச் சுடுவார்கள். கண்ணாடியில்தான் பாதி ரவைகள் மானம் கெடும்.

ஆனால் ரவையை மட்டும் மாற்றி, சீட்டில் துவக்கு வைக்கும் பழக்கத்தை விட்டுவைத்தால் என்ன பிரயோசனம்?

கம்பளை: சார்ஜன் ஐயா சொல்வதுதான் சரி. அதற்குப் பிறகு 10 மி.மீ. எடுத்தார்களே!

எடுத்தார்கள். உதைப்பு அதிகம், துவக்கும் பெரிசு, சின்னக் கைக்காரருக்குப் பிடிக்கவே கஷ்டம். பிறகு வெடிமருந்தைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று கேள்வி வந்து, 1990இல் பொயின்ட் 40 பிறந்தது. 2010களின் நடுவில் திரும்பவும் 9 மி.மீ.

சார்ஜன்: அப்போ முப்பது வருசம் சுத்தி அதே இடம்?

விட்டம் அதே. இப்போதைய 9 மி.மீ. ரவை கையைத் துளைத்த பிறகும் அந்த 12 அங்குலத்தைத் தொடுகிற மாதிரிச் செய்தது. உதைப்புக் குறைவு, மகசீனில் கூடத் தோட்டா, பயிற்சியில் குறி தப்புவதும் குறைவு. நீங்களும் நானும் ஆளுக்குப் பாதி வென்றோம் என்று வையுங்கள். இதற்கு மேல் இந்தச் சண்டை இங்கே வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தலவாக்கலை: கார்க் கதவுக்குப் பின்னால் நின்றால் போதுமா?

போதாது. எஞ்சின் கட்டியும் சில்லும் மட்டும் நம்பலாம்.

மஸ்கெலியா, தோட்டத்து வொச்சர்: எங்களிடம் 12 போர் ஒற்றைக்குழல். மியாமியில் ஷொட்கன் என்ன செய்தது? எங்களுக்கு இதில் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது அண்ணே. மிரெலிஸ் என்ற அதிகாரிக்கு இடக்கை சிதைந்துபோனது. ஷொட்கனைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, ஒரு கையால் பம்ப் இழுத்து ஐந்து வெடி வைத்தார். பிறகு ரிவோல்வரோடு கொள்ளைக்காரரின் காரை நெருங்கிச் சண்டையை முடித்தவரும் அவர்தான். உங்கள் ஒற்றைக்குழலையும் வெறும் துவக்காக, இடக்கையால் மட்டும் திறந்து மூடிப் பழகுங்கள்.

மழைக்காலத்தில் உங்களுக்கு வேறு ஆபத்து. எஸ்.ஜி. என்ற பெரிய சன்னத் தோட்டாவை மாதக்கணக்கில் சட்டைப்பையில் வைத்தால் ஈரம் இறங்கும், பித்தளையில் பச்சை பூக்கும், ஓடு ஊதி அறைக்குள் இறுகும். அடித்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்து 30 விநாடி அப்படியே நில்லுங்கள், உடனே திறக்காதீர்கள். ‘டப்’ என்று சோர்ந்த சத்தம் வந்தால் அடுத்த தோட்டா போடக்கூடாது. வெறுமையாக்கி, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வாட், அதாவது தோட்டாவுக்குள் சன்னத்தைத் தள்ளும் அடைப்பு, உள்ளே சிக்கியிருக்கும். அதன்மேல் இன்னொன்று வெடித்தால் குழல் வாழைப்பூ மாதிரி விரியும். வழுக்கி விழுந்து குழல் வாயில் சேறு ஏறினாலும் அதே கதிதான்.

லிந்துலை: பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பது...

சட்டவிரோதம். பன்றி வருமுன் கொழுந்தெடுக்கப் போகிறவரின் கால் அதன் இழுகயிற்றில் படும். கண்டால் தொடாமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

இராகலை: 9 மி.மீ. நல்லதா, இல்லை...

மேலே நாவலப்பிட்டிக்காரருக்குச் சொன்ன பதில்.

நானுஓயா, ஆசிரியர்: நம்ம மலையில் இப்படி வெடி கேட்டால் எங்கே ஒளிவது?

மறைவு வேறு, காப்பு வேறு, சேர். தேயிலைச் செடி மறைவு, ரவையை நிறுத்தாது. லயத்துத் தகரமும் பலகைக் கதவும் அப்படித்தான். காப்பு என்றால் ரோட்டோரக் கருங்கல் கட்டு, பழைய பங்களாவின் கல்சுவர், மண்மேடு. உள்ளே ஓட்டை உள்ள சீமெந்துக் கல்லை டி-56 ரைஃபிள் துளைக்கும். கானுக்குள் படுத்தால் தலை ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கவேண்டும். மேட்டிலிருந்து சுடுகிறவனுக்கு அந்தக் கானும் திறந்த பெட்டிதான், ஆகவே முதலில் சத்தம் எங்கேயிருந்து என்று பாருங்கள். பனிமூட்டத்தில் எழுந்து ஓடாதீர்கள். பொலிஸுக்கும் நீங்கள் ஒரு நிழல்தான்.

கண்டி: டி-56க்கு எதிராகப் பொலிஸ் மேலங்கி தாங்குமா?

துணி மேலங்கி கைத்துவக்குக்குத்தான். ரைஃபிளுக்குத் தகடு போட்டது வேண்டும். 1997 பெப்ரவரி 28இல் லொஸ் ஏஞ்சலிஸ் வட ஹொலிவூட்டில் இதைத் தலைகீழாகக் கண்டார்கள்: மேலங்கி கொள்ளைக்காரரிடம். அவர்கள் துவக்குகளிலும் டி-56 குடும்பத்தது இருந்தது. 44 நிமிடம் சண்டை. பொலிஸின் 9 மி.மீ. பட்டும் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். சிலர் பக்கத்துத் துவக்குக் கடைக்கு ஓடி ரைஃபிள் இரவல் வாங்கி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரோந்துக் காரிலேயே ரைஃபிள் போகத் தொடங்கியது. மியாமி முடிந்து பதினொரு வருசம் கழித்து! காரில் போனாலும் அதைத் தாங்கியில் பூட்டுங்கள், சீட்டில் வேண்டாம்.

மாத்தளை: 1970இல் கலிபோர்னியாவின் நியூஹோல் துவக்குச் சண்டையில் செத்த பொலிஸ்காரரின் பையில் காலித் தோட்டா ஓடுகள் இருந்ததாமே? பயிற்சியில் பொறுக்கிய பழக்கமாம்.

பிற்கால ஆய்வில் அது கட்டுக்கதை என்றாகிவிட்டது. ஓடுகள் தரையில்தான் கிடந்தன. நான்கு இளம் அதிகாரிகள் இறந்தது உண்மை. பயிற்சியில் செய்ததைத்தான் கை சண்டையிலும் செய்யும் என்பதும் உண்மை, அதற்கு இந்தக் கதை தேவையில்லை.

வெலிமடை: லைசன்ஸ் எடுக்க என்ன செய்யவேண்டும்?

மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள்.

பசறை: 9 மி.மீ....

இல்லை.

பொகவந்தலாவை: சுடுபட்டவரைத் தோட்டத்திலிருந்து இறக்கவே ஒரு மணித்தியாலம் போகும். அதற்குள் என்ன செய்யலாம்?

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி அகலப் பட்டி, மூட்டின்மேல் வேண்டாம். முடிச்சில் தடி வைத்து இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கத்துவார், தளர்த்தாதீர்கள். கட்டின நேரத்தை நெற்றியில் பேனையால் எழுதுங்கள். தொடை இடுக்கிலோ கக்கத்திலோ என்றால் சுத்தத் துணியை உள்ளே திணித்து முழங்காலால் அழுத்துங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை ரோட்டு முகப்புக்கு வரச்சொல்லி, ஆளைப் பலகையிலோ கொழுந்துச் சாக்கிலோ கிடத்திக் கீழே கொண்டுவாருங்கள். போகிற வழியெல்லாம் பட்டியில் ஒருவர் கை இருக்கட்டும். படிக்கட்டில் ஆட ஆட முறுக்கு அவிழும்.