முதலில் அளவு, அப்புறம் அட்வான்ஸ்: மதுரைக்குத் திரும்புவோர் கேட்டவை

நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துவிட்டு மதுரையில் இடமோ வீடோ வாங்கித் திரும்ப நினைப்பவர்கள் சர்வேயர் பற்றிக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஐயா, இருபது வருடம் பெங்களூரில் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறோம். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மனை பிடித்திருக்கிறது. நாலு மூலையிலும் கல் இருக்கிறது, பத்திரத்தையும் வக்கீல் பார்த்துவிட்டார். சர்வேயரும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும் தம்பி. வக்கீல் பார்ப்பது காகிதத்தை. அந்தக் காகிதத்தில் உள்ள இடம் மண்ணில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். நீங்கள் பார்த்த கல் பெரும்பாலும் மனை போட்டவர் ஊன்றியது. நாங்கள் அதை நம்பி அளப்பதில்லை. சர்வே எண்ணுக்கு அரசு வரைந்த புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சர்வே கல்லைத் தேடுவோம். அது கிடைத்த பிறகுதான் உங்கள் மனைக்கே வருவோம்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒருவர் 54 அடிக்கு 40 அடி மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அளந்தால், கிழக்கு ஓரத்தில் 8 அடி வாய்க்கால் புறம்போக்கில் கிடந்தது. 432 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு சென்ட். வாய்க்கால் தூர்ந்து புல் முளைத்துப் போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை. புலப்படத்தில் தெளிவாக இருந்தது. அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க அவர் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் யார் கேட்டாலும் சொல்கிறேன்: அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அரசு சர்வேயரா, தனியார் சர்வேயரா?

இரண்டுக்கும் வேலை வேறு. அரசு சர்வேயர் வந்து எல்லை காட்டி அளக்க இணையத்திலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கப்போகிற நீங்கள் அல்ல, விற்பவர். "உங்கள் பெயரில் மனு போடுங்கள், செலவை நான் ஏற்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார். சாக்குச் சொல்லி இழுத்தடித்தால் வேறு இடம் பாருங்கள்.

தனியார் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்துச் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார். வாங்கலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்க அது போதும். ஆனால் பக்கத்துக்காரரோடு எல்லைத் தகராறு என்று வந்தால் அவர் வரைந்து தரும் படத்தை மட்டும் காட்டி நிற்க முடியாது. புரோக்கர் கூட்டி வரும் சர்வேயர் வேண்டாம். நீங்களே விசாரித்து ஆள் பிடியுங்கள்.

பத்திரத்தில் 6½ சென்ட் என்று இருக்கிறது. பட்டாவில் 0.02.50 என்று போட்டிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை ஐயா.

பட்டா கணக்கு ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் என்றால் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். உங்கள் பட்டாவில் 2.50 ஏர், அதாவது 6.18 சென்ட். பத்திரத்தைவிட ஒரு சென்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, சுமார் 140 சதுர அடி. பாதைக்கு விட்ட இடமாக இருக்கலாம். 1980-களில் யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு நடந்தபோது நுழைந்த பிழையாகவும் இருக்கலாம். மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, பத்திரம், பட்டா, மண் இந்த மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் விலை பேச வேண்டும். மூலப்பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையையும் சர்வேயரிடம் படித்துக் காட்டுங்கள்.

வண்டியூர், மாடக்குளம் பக்கம் வாங்கப் பயமாக இருக்கிறது. கண்மாய் நிலமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பயம் நல்லதுதான் அம்மா. மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கண்மாயும் அதற்கு வரும் கால்வாயும் உண்டு. இன்றைய பட்டாவை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அந்த சர்வே எண் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டில் என்னவாக இருந்தது என்று பாருங்கள். அங்கே கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் பிற்பாடு வந்த பட்டா உங்களைக் காப்பாற்றாது. பக்கத்து சர்வே எண்களின் படத்தையும் எடுத்துச் சேர்த்து வையுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே போனது என்பது ஒரு படத்தில் தெரியாது, நாலு படத்தைச் சேர்த்தால் தெரியும்.

மாசி வீதிக்குள் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. அதற்கும் சர்வேயரா?

அங்கே இரண்டு பேர் வேண்டும். நகர அளவை என்பதால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) பார்த்து அளக்க சர்வேயர். சுவர், தளம், மரக்கட்டை, கழிவுநீர்க் குழாய் பார்க்க சிவில் இன்ஜினியர். சர்வேயருக்கு விரிசல் தெரியாது, இன்ஜினியருக்கு எல்லை தெரியாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அது யாருக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் பாருங்கள். இடித்துவிட்டு உயர்த்திக் கட்டும் எண்ணம் இருந்தால் ஒன்று: மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர்தான் உயர வரம்பு.

அபார்ட்மெண்ட் என்றால்?

உள் அளவை, கார்பெட் ஏரியாவை, டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். புதுக் கட்டடத்தில் 8 வீட்டுக்கு மேல் இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். அளக்கும் நாளில் நான் இருக்க வேண்டுமா?

முடிந்தால் வாருங்கள் தம்பி. முடியாவிட்டால் அப்பாவையோ மச்சானையோ அனுப்புங்கள், புரோக்கரை மட்டும் நம்பி விடாதீர்கள். முந்தின நாளே முள்ளை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களை மரியாதையாகக் கூப்பிட்டு நிறுத்துங்கள். அவர்கள் கண்முன்னால் ஊன்றிய கல்லைப் பிறகு யாரும் லேசில் நகர்த்த மாட்டார்கள். ஒவ்வொரு கல்லையும், பின்னால் மரமோ கம்பமோ கட்டடமோ தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அன்றைக்கே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.