தண்ணீர் தெளிந்துவிட்டது, முதல் மீனை விடலாமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இரண்டரை அடி நீளத் தொட்டி, சுமார் 100 லிட்டர் பிடிக்கும். பத்து நாள் முன்பு கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன், மணல் போட்டாச்சு, ஃபில்டரும் ஓடுகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கரைவலைக்குப் போகும் மச்சான் வண்ணத்துப்பூச்சி மீன் இரண்டு, சின்ன ஓரா ஒன்று, பேத்தைக் குஞ்சு ஒன்று உயிரோடு தருவதாகச் சொல்கிறார், தீவுப் பக்கம் கிடக்கும் பவளக்கல்லும் எடுத்து வருவாராம். முதலில் எதை விடலாம், எத்தனை விடலாம்?"

இப்போதைக்கு எதையும் விடாதீர்கள். மச்சான் தரும் நாலில் ஒன்றுகூட உங்கள் தொட்டிக்கு ஆகாது.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மீன் செத்துப்போகிற விஷயமில்லை, வழக்கு ஆகிற விஷயம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. "செத்த கல்தானே, கரையில் ஒதுங்கினதுதானே" என்ற பேச்சு வனத்துறையிடம் எடுபடாது. கடையில் கிடைக்கும் செராமிக் கற்களே போதும், வேலை ஒன்றுதான்.

சரி, மீனுக்கு வருவோம். வண்ணத்துப்பூச்சி மீனில் பல வகைகள் உயிருள்ள பவளத்தையே கொறித்து வாழ்பவை. தொட்டியில் போட்டால் எந்தத் தீனியையும் தொடாமல் நாளுக்கு நாள் வயிறு ஒட்டிப்போகும், பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஓரா ஒரு அடி வரை வளரும், அதன் முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று மச்சானுக்கே தெரியும். அதைக் குழம்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பேத்தை கூட இருக்கும் மீனின் துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். இதெல்லாம் போக, வலையில் மற்ற மீன்களோடு உரசி இழுபட்டு வந்த மீனுக்குச் செதிலும் மேல்தோல் வழவழப்பும் போயிருக்கும், அந்த இடத்தில்தான் நோய் முதலில் பிடிக்கும்.

இனி தண்ணீர். தெளிவாக இருப்பதற்கும் மீன் வாழத் தகுதியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் செவுள் வழியாக விடும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அவை கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டிப் பெருக வழக்கமாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடல் தண்ணீர் ஊற்றினோமே, அதிலேயே பாக்டீரியா இருக்குமே என்றால், மிதக்கிற தண்ணீரில் இருப்பது சொற்பம்தான். நம்ம ஊர் வெயில் வேறு. கடல் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 8.2-ஐ ஒட்டி இருக்கும், பிஎச்சும் சூடும் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவின் விஷம் கூடும். அதனால் நன்னீர்த் தொட்டியில் தங்க மீன் தாக்குப்பிடித்த கணக்கை இங்கே போடக்கூடாது.

பாக்டீரியாவை வளர்க்க மீன் தேவையில்லை. தோல் உரித்த பச்சை இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டித் தொட்டியில் போடுங்கள். நாலைந்து நாளில் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் காட்டும்போது எடுத்துவிடலாம், வீட்டில் நாற்றம் என்று திட்டு விழும், அது வேறு. நவச்சாரம் கரைத்து ஊற்றினாலும் அம்மோனியா வரும், ஆனால் கடையில் விற்பதில் என்ன கலந்திருக்கிறதோ. அப்புறம் காத்திருங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறி அதுவும் இறங்கும், கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் படரும், பயப்பட வேண்டாம். இரண்டும் பூஜ்யமான பிறகு ஒரு சின்னத் துண்டு இறாலை இரண்டு நாள் போட்டு எடுத்துப் பாருங்கள். மறுநாளும் இரண்டும் பூஜ்யமாகவே நின்றால் தொட்டி தயார். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு மீனைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றும் தண்ணீரை எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். விசைப்படகு கட்டும் இடத்தில் டீசல் மிதக்கும், அங்கே வேண்டவே வேண்டாம். வாடைக்காற்று நேரத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும், அப்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் எடுங்கள்; தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நேர்மாறாக. மழைக்குப் பிறகு உப்பு குறையும் என்பதால் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றக்கூடாது, அதில் அடர்த்தி 1.024-லிருந்து 1.026-க்குள் இருக்கட்டும். தொட்டியில் வற்றுகிற அளவுக்குத் தினமும் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும். கடல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் சித்திரை வெயிலில் உப்பு எங்கேயோ போய்விடும். வீட்டு போர் தண்ணீரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

முதல் மீன் என்று கேட்டால், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி, அவ்வளவுதான். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் வேலை செய்திருக்கிறது, குஞ்சு கிடைக்குமா என்று அங்கே விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் கடையில். ஒரே இனத்தில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் எடுங்கள்: எல்லாக் குஞ்சும் முதலில் ஆணாகத்தான் வரும், பெரியது பெண்ணாக மாறிக்கொள்ளும். கோமாளி மீன் கடலில் குடியிருக்கும் கடல் சாமந்தி இல்லாமலே நன்றாக இருக்கும். வாங்கும் முன் கடைக்காரரைத் தீனி போடச் சொல்லிப் பாருங்கள், பாய்ந்து வந்து தின்னாத மீனை வாங்காதீர்கள். டாம்சல் மீன் சீப், கெட்டி, முதலில் அதை விடுங்கள் என்று கடையில் சொல்வார்கள். கெட்டிதான், ஆனால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று பின்னால் வருகிற எல்லாரையும் விரட்டும், பிடித்து வெளியே எடுக்கக் கல்லையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்.

உள்ளூரில் வாங்கிய மீனென்றால் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, ஏர் டியூபில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலக்கலாம். சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த பையென்றால் கதையே வேறு. மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் பிஎச் இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியா பெரிய கெடுதல் செய்யாது. பையைப் பிரித்துக் காற்றுப் பட்டதும் பிஎச் ஏறும், அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகும், அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சொட்டவிட்டால் நாமே கொல்வதுதான். கடைக்காரரிடம் அவர் தண்ணீரின் உப்பளவை முன்னாடியே கேட்டு, ஒரு தனி டப்பில் அதே அளவில் தண்ணீர் தயாராக வையுங்கள், பல கடைகளில் 1.020 பக்கம்தான் வைத்திருப்பார்கள். பையை மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் பிரித்து மீனை மட்டும் எடுத்து டப்பில் விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அந்த டப்பிலேயே ஏர் பம்போடு ஒரு மாதம் இருக்கட்டும், உப்பை நாளுக்கு 0.001 என்று மெதுவாக ஏற்றுங்கள், அம்மோனியா பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள். உடம்பில் உப்புத் தூள் ஒட்டின மாதிரி புள்ளி வந்தால் மருந்தை டப்பிலேயே போட்டுவிடலாம். பெரிய தொட்டியில் செம்பு மருந்து போனால் பின்னால் நத்தை, இறால் எதுவும் வைக்க முடியாது. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஜோடி பெரிய தொட்டிக்குப் போய் ஒரு மாதம் கழித்து, டெஸ்டில் அம்மோனியா இன்னும் பூஜ்யமாக இருந்தால் ஒரு சின்ன கோபி மீன் சேர்க்கலாம், அதற்கும் முதலில் டப்தான். 100 லிட்டருக்கு மொத்தம் மூன்று, மிஞ்சினால் நாலு சின்ன மீன்.