சுங்கானும் அரக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மரவேலைக் குறிப்புகளில் போன மாதம் நீங்களே செய்த சுங்கான் (புகையிலை பிடிக்கும் பைப்) ஒன்றின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் கையை வைத்தேன். என் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். தாத்தா கடைசல் பட்டறை வைத்திருந்தார். சொப்பு சாமான் கடைந்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார். சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை மடலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் முகம் தெரியும். அந்தப் பட்டறையை மூடி இருபது வருடமாகிறது. பெங்களூருக்கு வந்த பிறகு ஒரு சின்னக் கடைசல் மெஷின் வாங்கினேன்.

என் மாமனார் பல வருடமாகப் பைப் பிடிப்பவர். அவருக்காக ஒரு பழைய கட்டில் காலை எடுத்தேன், நல்ல ஈட்டி மரம். புகையிலை நிரப்பும் கிண்ணத்தைத் தனியாகவும், புகை வரும் தண்டைத் தனியாகவும் கடைந்து, பசை வைத்து ஒட்டி, தாத்தா செய்வது போலவே அரக்கு ஏற்றினேன். பார்த்தவர்கள் எல்லாம் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள். இரண்டாம் முறை பற்றவைத்தபோது அரக்கு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. இழுக்கும்போது உள்ளே நீர் கொதிப்பது போலச் சத்தம். பத்து நாளில் கிண்ணத்தின் அடி கருகித் துளை விழுந்தது. எங்கே தவறினேன்? அந்தச் சுங்கானை இனி என்ன செய்வது?

இன்னொரு கேள்வியும் உண்டு. "புகையிலைக்கு ஒரு பாத்திரம் செய்து கொடுப்பதில் என்ன பெருமை?" என்று என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்புடன்,
எஸ்., பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கடைசிக்குத் தள்ளினால் நழுவுவது போலாகும். பைப் புகை சிகரெட்டை விடப் பாதுகாப்பானது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். உதடு, வாய், தொண்டை, நுரையீரல் என்று எல்லா இடத்திலும் அது புற்றுநோயைக் கொண்டுவரும். நான் புகைப்பதில்லை. இதுவரை பதினான்கு சுங்கான்கள் செய்திருக்கிறேன். ஏற்கெனவே பல காலமாகப் புகைக்கும் மூன்று பெரியவர்களுக்கு மூன்று போயின. மீதிப் பதினொன்றும் நெருப்பைப் பார்க்காமல் என் அலமாரியில் இருக்கின்றன. புதிதாகப் பழக நினைக்கும் ஓர் இளைஞன் கேட்டபோது மறுத்துவிட்டேன், இனியும் மறுப்பேன். எனக்கு வேண்டியது அந்த வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மரத்துண்டு இத்தனை கணக்கைக் கேட்பதை வேறெதிலும் நான் பார்த்ததில்லை. உங்கள் மனைவிக்கு இது போதுமான பதிலா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் சுங்கான். நீங்கள் நினைப்பது போல அரக்குதான் முதல் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அது கடைசித் தவறு. முதல் தவறு, கிண்ணத்தையும் தண்டையும் தனித்தனியாகக் கடைந்தது.

கடைசல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படித்தான் தோன்றும். கடைசலில் மரத்துக்கு ஓர் அச்சுதான். பம்பரமானாலும் தொட்டில் கால் ஆனாலும் அந்த அச்சைச் சுற்றியே எல்லாம் உருவாகும். சுங்கானுக்கு இரண்டு அச்சு. கிண்ணத்தின் துளை மேலிருந்து கீழே வருகிறது, புகை போகும் துளை பக்கவாட்டில் போகிறது. இரண்டும் ஒரே கட்டைக்குள் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும். அந்தப் புள்ளி கிண்ணத்தின் அடிமட்டத்தில், நடுவில் இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் மேலே போனாலும் அடியில் ஒரு குழி தங்கிவிடும். அங்கே ஈரம் சேரும், புகையிலை முழுக்க எரியாது. நீங்கள் கேட்ட கொதிக்கும் சத்தத்துக்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, வாயில் வைத்து இழுக்கும் வாய்க்குழலின் முளையில், அதாவது தண்டுக்குள் செருகும் அதன் முனையில் இருக்கும். தண்டுக்குள் இருக்கும் பொந்தின் அடிவரை அந்த முளை போய் முட்ட வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டிருந்தால் புகை அங்கே குளிர்ந்து நீராகிவிடும்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பைப் துடைக்கும் பஞ்சுக் கம்பியை வாய்ப்பக்கமாக நுழையுங்கள். வாய்க்குழலைக் கழற்றாமல், எங்கும் இடறாமல், கிண்ணத்தின் அடியில் அதன் நுனி எட்டிப் பார்க்க வேண்டும். என் முதல் சுங்கான் இதில் தோற்றது. துளை மேலேறிவிட்டிருந்தது. வெளியே இரண்டு வாரம் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் இதைச் சோதித்தேன். அந்த இரண்டு வார உழைப்பை நினைத்து இன்றும் மனம் நோகிறது.

சிக்ஸ்டன் இவார்சன் என்றொருவர் இருந்தார். 1910இல் ஸ்வீடனில் பிறந்து கோபன்ஹேகனில் வாழ்ந்தவர். பைப் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தானே செய்ய ஆரம்பித்தார். ஆலைகளில் அதுவரை முதலில் கிண்ணத்துக்கு வெளியுருவம் கொடுத்துவிட்டுப் பிறகு துளை போடுவார்கள். இவார்சன் அதைத் திருப்பிப் போட்டார். முதலில் துளைகள். அப்புறம் அந்தத் துளைகளைச் சுற்றி, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு இசைவாக, தேய்ப்புச் சக்கரத்திலும் அரத்திலும் உருவம். கடைசலின் ஒற்றை அச்சிலிருந்து சுங்கானை விடுவித்தவர் என்று நான் அவரைச் சொல்வேன். வளைந்தும் சாய்ந்தும் ஒரு பக்கம் கனத்தும் நிற்கும் டென்மார்க் வடிவங்கள் எல்லாம் இதன் பிறகே வந்தன. ஜப்பானிலிருந்து வந்துகூட அவரிடம் கற்றுப் போனார்கள். 2001இல் மறைந்தார். மகன் லார்ஸும் பேத்தி நன்னாவும் அதே தொழிலுக்கு வந்தவர்கள். ஒரே மரவேலை மூன்று தலைமுறை. உங்கள் கடிதத்தில் தாத்தாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

அதனால் நீங்களும் ஒரே கட்டையில் முதலில் துளையைப் போடுங்கள். கிண்ணத்துக்கு 19 அல்லது 20 மில்லிமீட்டர் அகலம், 35 முதல் 40 வரை ஆழம். புகைத் துளை 4 மில்லிமீட்டருக்குள். சுற்றுச் சுவர் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், அடி அதைவிடச் சற்றுக் கனமாக. உங்கள் சுங்கானின் அடி துளைந்ததற்குச் சுவர் மெலிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் மரமே முக்கியக் காரணம். ஈட்டி நல்ல மரம், அதை வீட்டுச் சாமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் எண்ணெயும் பிசினும் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கத் தகுந்தவை அல்ல. அதன் தூளே சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பிவிடும். சுங்கானுக்கென்று உலகம் தேர்ந்தெடுத்த மரம் பிரையர். எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடி. கோர்சிகா, சார்டீனியா, கலாப்ரியா, கிரீஸ், அல்ஜீரியா, மொரோக்கோ என்று மத்தியதரைக்கடலைச் சுற்றிய வறண்ட மேடுகளில் வளர்வது. அதன் கிளையோ தண்டோ இதற்கு உதவாது. மண்ணுக்கடியில், தண்டும் வேரும் சேரும் இடத்தில், ஒரு முண்டு திரண்டிருக்கும். காட்டுத்தீ வந்து மேலே எல்லாம் எரிந்து போனாலும் இந்த முண்டிலிருந்துதான் செடி மறுபடி துளிர்க்கும். தீயைத் தாண்டிப் பிழைக்கவே உருவான ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் நெருப்பு வைத்திருக்கிறார்கள்! முதன்முதலில் இதை அறிந்தவர் யாராக இருந்தாலும் அவர் கையை வணங்கத் தோன்றுகிறது.

பல பத்தாண்டுகள் வளர்ந்த முண்டைத் தோண்டி எடுத்ததும் வெயில் படாமல் ஈரமாகவே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் வெடித்துவிடும். பிறகு வட்ட ரம்பத்தில் அறுத்து, செப்புக் கொப்பரையில் 12 மணி நேரம் அளவுக்கு வேகவைப்பார்கள். சாறும் துவர்ப்பும் நீரில் இறங்கும். அப்புறம் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், நிழலில் உலர்த்துவார்கள். ஈட்டிக் கட்டில் கால் இந்தக் கொப்பரையைப் பார்த்ததில்லை. அதில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. உங்கள் மாமனாரின் வாய்க்குப் போனதில் அதுவும் சேர்த்தி.

பிரான்சில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய ஜூரா மலையில் சேன் குளோத் என்றொரு ஊர் இருக்கிறது. புனிதரை வணங்க வரும் யாத்திரிகர்களுக்கு ஜெபமாலையும் சிறு மரச்சாமான்களும் கடைந்து விற்ற ஊர். உங்கள் அம்பாசமுத்திரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே பிரையர் வந்து சேர்ந்தது. கடைசல் பழகிய கைகள் ஏற்கெனவே இருந்ததால் ஊரே சுங்கான் ஊராகிவிட்டது. பட்டறைகள் பெரும்பாலும் போய்விட்டன. சுங்கானுக்கும் வைரம் பட்டை தீட்டுவதற்கும் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. கடைசல் ஊர் ஒன்று புதிய மரத்தைக் கண்டதும் தன் கையை எப்படி மாற்றிக்கொண்டது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீங்களும் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

இத்தாலிய மரமில்கள் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும் கட்டை விற்கின்றன. துளை போட்டு, வாய்க்குழல் பொருத்தி, வெளியுருவம் மட்டும் கொடுக்காமல் விட்ட கட்டைகளும் கிடைக்கும். அடுத்ததை அப்படி ஒன்றில் செய்யுங்கள். அரம் பிடித்துப் பழகிய பிறகு துளைக்குப் போகலாம்.

இப்போது அரக்கு. அது ஏன் கொப்புளித்தது? அரக்கு 80 டிகிரிக்குள் உருகிவிடும், அதற்கு முன்பே இளகும். சூட்டால் ஏறியது சூட்டால் இறங்கும் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். ஆனால் அது பாதி விடைதான். சுங்கான் செய்பவர்கள் கடைசியில் பூசும் கார்னாபா மெழுகும் 82 முதல் 86 டிகிரிக்குள் உருகிவிடுவதே. பிரேசிலின் ஒரு பனை வகையின் ஓலையில் கசியும் மெழுகு அது. உருகும் சூடு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் ஒன்று கொப்புளிக்கிறது, மற்றொன்று கொப்புளிப்பதில்லை. வித்தியாசம் தடிமனில் இருக்கிறது. உங்கள் அரக்கு மரத்தின் மேல் ஒரு தோலாக நின்றது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியே வழி தேடும். தோல் அடைத்துக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வரும். கார்னாபாவை ஓடும் துணிச் சக்கரத்தில் தடவி, அதில் சுங்கானைக் காட்டும்போது நிற்பது நகத்தால் சுரண்டக்கூட வராத அளவு. மலிவான ஆலைச் சுங்கான்கள் சிலவற்றில் கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். குறையுள்ள மரத்தை மறைக்க அது வசதி. தேன்மெழுகை மட்டும் தனியாகப் பூசவும் வேண்டாம். 65 டிகிரிக்குள் உருகிப் பிடிப்பவர் கையில் பிசுபிசுக்கும்.

அப்படியானால் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? உப்புத்தாளிலிருந்து. 120ஆம் எண்ணில் தொடங்கி 220, 320, 400, 600 என்று ஏறுங்கள். எந்த எண்ணையும் தாண்டிக் குதிக்காதீர்கள். 120 விட்ட கீறலை 220ஆல் எடுக்கலாம், 600ஆல் எடுக்க முடியாது. 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். படுத்திருந்த நார் எழுந்து நிற்கும், மறுபடி அதே தாளால் சீவிவிடுங்கள். வாய்க்குழலைப் பொருத்திய நிலையிலேயே தண்டைத் தேயுங்கள். தனியாகத் தேய்த்தால் ஓரம் உருண்டு, சேரும் இடத்தில் படி விழும். அந்தப் படியை வைத்தே செய்தவர் கையைச் சொல்லிவிடலாம். முகமூடி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. புகையிலையைத் தொடாமலே உங்கள் மூக்கைக் கெடுத்துக்கொள்ள இந்த வேலையில் வழி உண்டு.

சாயத்தை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுங்கள், சட்டென்று உலரும், நாரைக் கிளப்பாது. நான் முதலில் கறுப்பைப் பூசி, உலர்ந்ததும் அத்தனையையும் தேய்த்து எடுத்துவிடுவேன். மென்மையான நாரில் மட்டும் கறுப்பு தங்கும், கெட்டியான ரேகையில் வராது. அதன் மேல் ஒரு மெல்லிய செம்பழுப்பு. ஒரு பக்கம் நெருப்பு எழும்புவது போல நேர்க்கோடுகள் நிற்கும், அதே கோடுகளை மேலிருந்து பார்த்தால் பறவைக் கண்களாகத் தெரியும். இரண்டும் ஒரே நார்தான், அறுத்த திசைதான் வேறு. சாயம் நல்ல வாத்தியாரும்கூட. எடுக்காமல் விட்ட கீறல் ஒவ்வொன்றையும் கறுப்பாக எழுதிக் காட்டிவிடும். அப்போது மனம் தளராமல் 220க்குத் திரும்ப வேண்டும். நான் நான்கு முறை திரும்பிய சுங்கான் ஒன்று இருக்கிறது. என்னிடம் இருப்பதில் அதுதான் நல்லது.

தேய்க்கத் தேய்க்கச் சிறு மண்குழி தெரியவரலாம். மண்ணுக்குள் வளர்ந்த முண்டு, கல்லை விழுங்கியிருக்கும். மாவு வைத்து அடைக்காதீர்கள். உருவத்தைச் சற்று ஒதுக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கிவிடுங்கள். லண்டனில் ஆல்ஃபிரட் டன்ஹில் மணலை வீசி மென்மையான நாரை அரித்து, வரிவரியாகச் சிப்பி போன்ற பரப்பைக் கொண்டுவந்தார். 1917இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். மெருகு என்றால் வழுவழுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது எனக்கு மாற்றியது.

பழைய சுங்கானைத் தூக்கிப் போடாதீர்கள், மாமனாரிடம் திரும்பவும் கொடுக்காதீர்கள். வாய்க்குழலை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்குப் பயன்படும். கிண்ணத்தை நெடுக்கில் இரண்டாக அறுங்கள். இரண்டு துளைகளும் எங்கே சந்தித்தன, சுவர் எங்கே மெலிந்தது, கருகல் எங்கே தொடங்கியது என்று எல்லாம் அதில் தெரியும். பட்டறைச் சுவரில் அதை மாட்டி வையுங்கள்.

அடுத்ததைச் செய்ததும் எனக்குப் படம் அனுப்புங்கள். வெளிப்புறம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிண்ணத்துக்குள் வெளிச்சம் விழும்படி, நேர் மேலே இருந்து ஒன்று.

அன்புடன்.