24 வருடத்தில் 540 நாட்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஷார்ஜாவில் 24 வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். போன வருடம் விசாவை கேன்சல் செய்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். வயது 56. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 45 நாள் லீவில் வந்து போனவன். வீடு கட்டினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன், மகன் கோவையில் வேலையில் இருக்கிறான். இப்போது வீட்டில் எல்லாம் மனைவி வைத்ததுதான் சட்டம். கேஸ் எப்படி புக் செய்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. டீக்கடைக்குப் போனால் "எப்ப திரும்பப் போற?" என்கிறார்கள். அங்கேயும் வெளியாள், இங்கேயும் விருந்தாளி. எதற்காக இத்தனை வருடம் ஓடினேன் என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. இந்த வயதுக்கு மேல் நான் எங்கே போய் ஒட்டிக்கொள்வது?
(பெயர் வேண்டாம், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: உங்களைவிடப் பத்து வயது மூத்தவள் நான், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். 24 வருடத்தில் 12 லீவு, லீவுக்கு 45 நாள், மொத்தம் 540 நாட்கள். ஒன்றரை வருடம்கூட நிறையவில்லை. நீங்கள் கட்டிய வீட்டில் நீங்கள் வாழ்ந்தது அவ்வளவுதான் தம்பி. அந்த நாட்களும் எப்படிப் போயிருக்கும்? பெட்டி பிரிப்பது, சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய் வருவது, தினமும் கறிச்சோறு, யார் வீட்டிலாவது கல்யாணம், அப்புறம் ஏர்போர்ட். தண்ணீர் வராத காலை, கரண்ட் போன சாயங்காலம், பேச எதுவும் இல்லாமல் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை, இதெல்லாம் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஒட்டுதல் என்பது அந்தச் சாதாரண நாட்களில்தான் உண்டாகிறது. அது இப்போதுதான் உங்களுக்கு ஆரம்பித்திருக்கிறது, ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகள், ஸ்கூல் பீஸ், கொத்தனாரோடு சண்டை, பெரியவர்களின் கடைசிக் காலம் எல்லாவற்றையும் அவர் தனியாகப் பார்த்திருக்கிறார், அதுவும் நீங்கள் அனுப்பிய பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்துக்கொண்டு. அந்தப் பொறுப்பை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். "நீ என்னைக் கேட்டியா" என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ரேஷன் கடையோ தண்ணீர் மோட்டாரோ எதுவாக இருந்தாலும் சரி. தெரியாததை அவரிடமே கேளுங்கள். கேஸ் புக் செய்யச் சொல்லித்தரும் பத்து நிமிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிற பத்து நிமிடம்தானே?

அங்கே வெளியாளாக இருந்தேன் என்று எழுதியதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. அந்த ஊர்ச் சட்டம் அப்படி. வேலை இருக்கிற வரைதான் விசா. உங்களைப் போன்றவர்கள் எத்தனை வருடம் உழைத்தாலும் வேலை முடிந்தால் கிளம்பத்தான் வேண்டும். ஆனால் கிளம்பும்போது அங்கே கற்றதை யாரும் பறித்துக்கொள்ளவில்லை, அதை நீங்கள் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்கள். "எதற்காக ஓடினேன்" என்ற கேள்விக்கு வீடும் மகள் கல்யாணமும் ஒரு பதில், அதைச் சின்னதாக நினைக்க வேண்டாம். இன்னொரு பதில் உங்கள் தெருவிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மாவட்டத்திலிருந்து இன்றைக்கும் பையன்கள் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். விசிட் விசாவில் ஏற்றிவிட்டு "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிற ஏஜெண்ட்டை நம்புகிறான் ஒருவன். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது தெரியாமல் அம்மாவின் நகையை விற்று லட்சக்கணக்கில் கட்டுகிறான் இன்னொருவன். பத்தாவது தேறாதவன் பாஸ்போர்ட்டில் எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி, தேவை என்று இருக்கும். அப்படிப் போகிறவர்களுக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம் என்பது அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது. எமிரேட்ஸில் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைத்துக்கொள்வது சட்டப்படி தப்பு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன், நீங்கள் அந்த வெயிலில் நின்றவர். அந்தப் பையன் என் பேச்சைக் கேட்பானா, உங்கள் பேச்சைக் கேட்பானா?

அதனால் அடுத்த முறை டீக்கடையில் "எப்ப போற" என்று கேட்டால், "நான் போகல, போறவன் இருந்தா பேப்பரை எடுத்துட்டு வரச்சொல்லு, நான் படிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஏசி வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு பையனைக் கூட வைத்துக்கொண்டாலும் நல்லதுதான், ஆனால் எனக்கு முதலாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

வயதைப் பற்றிச் சொன்னீர்கள். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, உறவுப் பெண்கள் மூன்று பேர் கர்ப்ப காலத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்றுதான் டாக்டருக்குப் படித்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிப்போயின, மாதக்கணக்கில் படுக்கை, பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கும் ஆசை அதோடு போயிற்று. அதன் பிறகுதான் கண் மருத்துவம் படித்து, அந்தக் கோணிய விரல்களாலேயே கண்புரை அறுவை செய்யப் பழகினார். 1976-ல், 58 வயதில், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. உங்களை மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை தம்பி. அவர் நினைத்த வழி அடைபட்ட பிறகுதான் அவருக்கான வேலை கிடைத்தது, அதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது.

தூக்கம் வராதது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனசோடு வைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பி.காம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு லட்சியம் இருக்கிறது. எனக்கு மட்டும் எதுவுமே தோன்றவில்லை. என்னிடம் ஏதாவது குறையா அம்மா? (22 வயது வாசகி, நாமக்கல்)

பதில்: ஒரு குறையும் இல்லை கண்ணு. லட்சியம் நமக்குள்ளேயே எங்கேயோ புதைந்திருக்கிறது, தோண்டினால் வந்துவிடும் என்று நினைக்கிறாய். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் யாராவது ஒருவர் கேட்கிற கேள்வியாகத்தான் வாசலில் வந்து நிற்கும்.

உ.வே.சாமிநாதையருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்த வருடம் அது, 1880. ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று பெரிய பட்டியல் ஒப்பிக்கிறார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு "இல்லை"தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்து, அது சமண நூல் என்பதால் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கே போய் அவர்கள் மரபைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1887-ல் அதை அச்சிட்டார். பத்துப்பாட்டும் புறநானூறும் சிலப்பதிகாரமும் அதற்குப் பிறகு வந்தவை. அன்றைக்குப் போய்ப் பார்க்கும்வரை இப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்குத் தெரியாது.

என் கதை சின்னது. டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற புதிதில், பக்கத்துத் தெருவில் பார்வையில்லாத ஒரு கல்லூரிப் பெண் "ஆன்ட்டி, எனக்குப் பரீட்சை எழுத ஆள் கிடைக்கல, நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள். போனேன். கேள்வியை இரண்டு தரம் வாசித்துக் காட்ட வேண்டும், அவள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், தப்பாகச் சொன்னாலும் நான் திருத்தக் கூடாது. அந்த மூன்று மணி நேரம் என் கை அவளுடையது. காதில் கேட்டதைப் பிசகாமல் இன்னொரு இடத்தில் சேர்ப்பதுதான் 30 வருடமாக நான் செய்த வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

நீ இப்போதைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து யோசிப்பதை நிறுத்து. ஏதாவது ஒரு வேலைக்குப் போ, பிடிக்காத வேலையானாலும் ஆறு மாதம் இரு. கேட்கிறவர்கள் வெளியேதான் இருக்கிறார்கள்.

கேள்வி: மன்னார்குடியிலிருந்து சென்னையில் மகன் பிளாட்டுக்கு வந்து எட்டு மாதம். கணவர் இல்லை. லிப்டில் பார்க்கிறவர்கள் போனைத்தான் பார்க்கிறார்கள். (61 வயது வாசகி)

பதில்: லிப்டை விட்டுவிடுங்கள் அம்மா. காய்கறியை மகன் போனில் வரவழைப்பான், கீரையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே கீரைக்காரம்மாவிடம் நீங்களே இறங்கிப் போய் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் வேண்டுமென்றே போகாமல் இருங்கள். மறுநாள் அவர் "ஏம்மா நேத்து காணோம்?" என்று கேட்டால் உடனே எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், காத்திருப்பேன்.